பூஜை போடாத சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ரங்கநாதன் தெருவில் கர்ச்சீப் விற்று, கிண்டியில் லேத்துப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, எதிலும் நிலைக்காமல் போய்ச் சேர்ந்த இடம் அது. வெள்ளைக்காரன் காலத்து ரயில் பெட்டிகள் சிலவற்றைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். தேக்குப் பலகையைச் சுரண்டி மெருகேற்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். சீட்டுகளுக்கு ஸ்பாஞ்ச் வைத்து மெரூன் வெல்வெட் தைத்தது எங்கள் கொட்டகை.

என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர் அடையாறு குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் படகு ஏறினால் வாந்தி எடுப்பார், அதனால் தையலுக்கு வந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்றவர்; எனக்கு அக்கா. அந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடலூர் பக்கத்தில் தன் அம்மா வீட்டில் விட்டிருந்த மகளைப் பார்க்க வேண்டும், அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே பேச்சு. பஸ்ஸில் உட்கார முடியாது. பாசஞ்சர் ரயிலில் படுக்க இடம் கிடைக்காது. டாக்சி எங்களுக்குக் கட்டாது.

அப்போதுதான் வெள்ளோட்டம் வந்தது. எழும்பூரிலிருந்து திருச்சி வரை. ஓடும்போது எது ஆடுகிறது, எது கிறீச்சிடுகிறது என்று பார்த்து முடுக்க எங்களில் சிலர் ஏற வேண்டும். அண்ணன் மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"ஊட்டுக்காரிய கடலூர் வரிக்கும் இட்டுக்கினு வர்றேன் மேஸ்திரி. ஓரமா படுத்துக்கும்."

"இட்டுக்கினு வா. ஆனா சீட்டு மேல வுடாத. பூஜை போடாத சீட்டு. மொதல்ல மொதலாளிதான் குந்தணும்."

அது எங்கள் தொழிலில் எல்லோரும் மதித்த வழக்கம். தைத்து முடித்ததும் பிளாஸ்டிக் தாள் சுற்றிவிடுவோம். தைத்தவன்கூட உட்கார மாட்டான்.

காலையில் அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்து, இரண்டு சீட்டுகளுக்கு நடுவே தரையில் கோணி விரித்துப் படுக்க வைத்தோம். எடையே இல்லை. அண்ணாந்து பார்த்தவருக்குச் சீட்டின் அடியில் நாங்கள் அடித்திருந்த கோணிதான் தெரிந்தது.

"இன்னாய்யா இது, அடியில கோணி, மேல மட்டும் வெல்வெட்டு? கூடையில நான் மேல நல்ல மீனா வெப்பேனே, அத்தப் பாத்து கத்துக்கினியா?"

"சும்மா கெடமே," என்றார் அண்ணன். சிரித்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. படுத்திருந்தவருக்கு ஜன்னலில் வானம் மட்டும்தான்.

"தம்பி, எங்க போய்க்கினு கீது?"

"மாம்பலம்க்கா."

"கிண்டி தாண்டனா சொல்லு. எழுந்து குந்தி வெளிய பாக்கறேன்."

கிண்டி தாண்டியதும் சொன்னேன். எழ முடியவில்லை. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் தரை தூக்கிப் போட்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். செங்கல்பட்டு தாண்டி, பொறுக்காமல் மேஸ்திரியிடம் போனேன்.

"செத்த நேரம் மேல படுக்கட்டும் மேஸ்திரி. பிளாஸ்டிக் கீதே."

"சாவக் கெடக்கற பொம்பளய மொதல்ல ஏத்தனா வண்டி வெளங்குமாடா? மொதலாளி காதுக்குப் போனா அடுத்த வேல நமக்குத் தருவானா?"

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அக்காவுக்குக் கேட்டது.

"உடு தம்பி. தர ஜில்லுனு நல்லாத்தான் கீது."

திண்டிவனம் தாண்டி அண்ணன் தண்ணீர் கொடுத்தார். அது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. திரும்பவும் கொடுத்தார். திரும்பவும் வழிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி வந்து பார்த்தார். குனிந்து மூக்கருகே கை வைத்தார். மூச்சு இல்லை. பக்கத்துப் பெட்டியில் ரயில்வே அதிகாரிகள் இருந்தார்கள். தெரிந்தால் விழுப்புரத்திலேயே இறக்கிவிடுவார்கள். போலீஸ் வரும், அறுப்பார்கள், உடல் எப்போது ஊர் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பெட்டிக்கும் பேர் கெட்டுவிடும். இதில் அவருக்கு எது பெரிதாகப் பட்டது என்று எனக்குத் தெரியாது.

"தரையில கெடந்தா கேப்பானுங்க. தூக்குங்க. ஜன்னலாண்ட குந்த வைங்க. தூங்கறா மாரி இருக்கட்டும்."

அண்ணன் அசையவில்லை. மேஸ்திரியே பிளாஸ்டிக்கைக் கிழித்தார். நானும் அவரும்தான் தூக்கினோம். புடவைத் தலைப்பால் முக்காடு போட்டு, தலையை ஜன்னல் கட்டையில் சாய்த்தோம். சரிந்துவிடாமல் அண்ணன் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

விழுப்புரத்துக்கு முன்பே அதிகாரி ஒருவர் நடந்து வந்தார்.

"யாருய்யா இந்தம்மா?"

"தச்சவரோட சம்சாரம் சார். அசந்து தூங்குது," என்றார் மேஸ்திரி.

அதிகாரி எதிர் சீட்டின் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடலூரில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றாக வேண்டும். சொல்லியனுப்பியிருந்தபடி பிளாட்பாரத்தில் அக்காவின் தம்பி நின்றிருந்தார், அக்காவின் மகளோடு. வண்டி முழுதாக நிற்பதற்குள் அந்தப் பெண் ஜன்னலில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். கூடவே ஓடிவந்து கை காட்டினாள். அண்ணன் தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

"மாமா, அக்கா தூங்குதா?" என்று கேட்டபடி தம்பி ஏறினார்.

"ஆமாண்டா. மெதுவா புடி."

காலைப் பிடித்ததும் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. முகம் மாறியது, ஆனால் பிடியை விடவில்லை. நான் தோளைத் தாங்கிப் பிளாட்பாரம் வரை இறக்கி, கூடவே இறங்கிய அண்ணனிடம் மாற்றிவிட்டேன். மகள் அம்மாவின் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஏறுடா, வேல கீது," என்று மேஸ்திரி உள்ளிருந்து கத்தினார். ஏறினேன்.

புதுப் பிளாஸ்டிக் தாளை எடுத்துக் கொடுத்தார். சுற்றுவதற்கு முன் அந்தச் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். புது ஸ்பாஞ்ச். அக்கா அமர்ந்த பள்ளம் எதுவும் இல்லை.