நூற்று ஒன்பது கிலோ

நான் பேய்க்கதை எழுதுகிறவன் இல்லை. இருபது வருடமாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்வது தொழில் கொடுத்த பழக்கம். அன்றைக்கும் குறித்தேன். நேரமும் எடையும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. கீழே இருப்பது அந்தக் குறிப்பு, கொஞ்சம் விரித்து எழுதியது. அவ்வளவுதான்.

அத்தான், என் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி நான்கு நாளாகியிருந்தது. உள்ளே சின்னதாக ஓர் அறை, எதிரெதிரே இரண்டு படுக்கைகள். படகு கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி நங்கூரத்தில் நின்றது. கரைக்குப் போய்வர, துடுப்புப் போடும் குட்டிப் படகு ஒன்றும் சேர்ந்தே வந்திருந்தது. அக்காவுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அறையில் படுத்திருந்தாள். யாராவது தூக்கினால்தான் அவளால் நகர முடியும்.

இரவு பலத்த காற்று வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் குட்டிப் படகை நீரிலிருந்து மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். விட்டால் அலை அதைப் பெரிய படகின் மேல் மோதி உடைக்கும்.

மாலை 4:50. குட்டிப் படகிலிருந்து ஏறிவரும் கயிற்று ஏணியை நான்தான் மேலே இழுத்துச் சுருட்டி வைத்தேன்.

பெரிய படகின் பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் வளைந்து நிற்கும். டேவிட் என்பார்கள். ஒவ்வொன்றிலும் கப்பி, கயிறு, கொக்கி. குட்டிப் படகின் முன்முனையை இடது கொக்கியிலும் பின்முனையை வலது கொக்கியிலும் மாட்டி, ஆளுக்கு ஒரு கயிறாக ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு கையில் அறுபது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதனால் அத்தான் தன் பழைய வேலைப்பையிலிருந்து இரண்டு கொக்கித் தராசுகளை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினார். லிஃப்டுக்கு எதிர்க்கனம் போட்டே வாழ்ந்த மனுஷர். எதையும் எடை போடாமல் தூக்க மாட்டார்.

"பேப்பர்ல நாப்பத்தெட்டு கிலோன்னு போட்டிருக்கு மாப்ள. பக்கத்துக்கு இருபத்துநாலு. சுலபம்."

இழுத்தோம். என் பக்கம் பஞ்சு போல ஏறியது. அவர் பக்கம் அசையவில்லை.

"என்னத்தான், நாலு நாள் உட்கார்ந்து சாப்பிட்டதுல கையில பலம் போச்சா?"

"வாயை மூடிட்டு இழுடா."

மூச்சு வாங்க இழுத்துத் தளத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். வலது கை 'கிர்ர்ர்' என்று முனகியது. தராசைப் பார்த்தோம்.

5:12. இடது 27. வலது 82.

"தண்ணி நின்னிருக்கும்," என்றார். அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினார். ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். பலகை காய்ந்து கிடந்தது. துடுப்புகளை ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று. உள்ளே ஒன்றுமே இல்லை.

பின்பக்கப் பலகை, ஆள் உட்காருகிற பலகை மட்டும், நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

"தராசு கெட்டுப்போச்சு," என்றார் அத்தான். தக்கையைத் திரும்ப அடைத்து, கயிறுகளைத் தளர்த்தி, தராசுகளை இடம் மாற்றி மாட்டி, மறுபடி தூக்கினோம்.

5:26. இடது 27. வலது 82.

அவர் கயிற்றைக் கட்டையில் சுற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தார். காற்று இன்னும் வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது.

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எண்கள் மாறியிருந்தன.

5:31. இடது 35. வலது 74.

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல. நீ?"

இல்லை.

5:32. இடது 48. வலது 61.

கூட்டிப் பார்த்தேன். நூற்று ஒன்பது. முன்னால் எழுதியதைக் கூட்டினேன். அதுவும் நூற்று ஒன்பது. கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது... பின்முனையிலிருந்து நடுவுக்கு... நடுவிலிருந்து முன்னால்...

மெதுவாக. ஒவ்வொரு பலகையாக.

வயதானவர்கள் ஆடும் படகில் நடப்பார்களே, அப்படி.

"அத்தான்..."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

5:34. இடது 80. வலது 29.

அங்கேயே நின்றது. எங்களிடமிருந்து இரண்டடி தூரம். மூச்சு விடும் சத்தம் கேட்டது. என்னுடையதா அத்தானுடையதா என்று தெரியவில்லை. இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

குட்டிப் படகு ஒருமுறை பின்னால் தள்ளி ஆடியது.

அதிலிருந்து யாரோ எட்டிக் கால் வைத்தது போல.

24. 24.

எங்கள் காலடியில் தளம் லேசாகத் தாழ்ந்தது.

ஈரக் கால் பதியும் சத்தம். சளக்... சளக்... எங்களைத் தாண்டி... அறைப் பக்கம்...

அத்தானின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று என் குறிப்பில் இல்லை.

உள்ளே ஏதோ முணுமுணுப்பு. பிறகு அக்காவின் குரல், தெளிவாக.

"என்னங்க... ஈரத்தோட கட்டில்ல உட்காராதீங்க."

அத்தான் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஓடினோம்.

அக்கா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. எதிர்ப் படுக்கையின் மெத்தை நடுவில் அழுந்தியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலும் கொஞ்சம் அழுந்தியது...

உட்கார்ந்திருந்த ஒன்று படுத்துக்கொண்டது.

அத்தான் அவள் பக்கம் குனிந்தார். "எந்திரி. காத்து வரப்போகுது. கரைக்குப் போயிரலாம்."

"இப்பத்தானே வந்து உட்கார்ந்தீங்க? அதுக்குள்ள என்ன?" என்றாள் அக்கா. "படகே வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குக் கடல் எதுக்கு?"

அவர் அவளை அப்படியே வாரித் தூக்கினார். நான் குட்டிப் படகை இறக்கினேன். ஒரே ஆளாக இரண்டு கயிற்றையும் விட்டதில் ஒரு முனை 'தொப்'பென்று முதலில் விழுந்தது. நாங்கள் போவதற்கு அதை விட்டால் வேறு வழியில்லை. ஏணியைத் தொங்கவிட்டு, அக்காவை அத்தான் தோளில் சுமக்க, இறங்கினோம். அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் திட்டுதான் அப்போது எனக்கு ஒரே துணை.

துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பெரிய படகு என் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போனது. அறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவசரத்தில் யாரும் அணைக்கவில்லை.

6:03.

விளக்கு அணைந்தது.

"என்ன மாப்ள?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல."

அன்று இரவு காற்று அடித்தது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் நான் மட்டும் படகுப் பட்டறைக்குப் போனேன். அந்தப் படகுக்குப் பெயிண்ட் அடித்த மேஸ்திரியிடம், முன்பு அதில் இருந்தவர்கள் யார் என்று விசாரித்தேன்.

"வயசான புருஷன் பொண்டாட்டி சார். ரெண்டு வருஷம் அதுலயேதான் குடியிருந்தாங்க. ஒரு நாள் அந்தம்மாவுக்குக் காய்ச்சல். இவர் மருந்து வாங்கக் கரைக்கு வந்தார். தனியா இருக்க பயந்துக்கிட்டு அந்தம்மா ஏணியை மேல இழுத்துப் போட்டுட்டாங்க. மாத்திரை வேற போட்டிருந்தாங்க. அசந்து தூங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அவர் திரும்பி வந்து கூப்பிட்டிருக்கார். இதயம் ஏற்கெனவே பலவீனம். காலைல அந்தம்மா எந்திரிச்சுப் பார்க்கும்போது, குட்டிப் படகுல பின்பலகைல உட்கார்ந்தபடியே..." கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்தார். "பெரிய படகுல கை எட்டுற உயரம் வரைக்கும் பெயிண்ட் பூரா சுரண்டியிருந்துச்சு சார். நகத்தால. நான்தான் பூசி மறைச்சேன்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவள் விடவில்லை. சொன்னேன்.

அவள் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க ஓடி வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு கேட்டார்டா," என்றாள். "குரல் கரகரன்னு இருந்துச்சு. உன் அத்தானுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"என்ன கேட்டார்?"

"'ஏணியை ஏன் தூக்கினே?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"படுத்துக் கிடக்கிற என்கிட்ட வந்து கேக்கிறாரேன்னு எரிச்சல். திரும்பிக்கூடப் பாக்கல. 'தப்புதான் சாமி. இனிமே நான் எங்க இருந்தாலும் கதவைத் திறந்தே வைக்கிறேன். எப்ப வேணா வாங்க'ன்னேன்."



"அதுக்கு?"

"'வர்றேன்'னார்."