ஓர்காவுக்குக் கட்டிய பந்தல்

ஓர்காவின் முதுகிலும் வெயில் சுட்டுத் தோல் உரியும் என்பதை நான் முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அதற்கு முதல் அந்த விலங்கைத் தொலைக்காட்சியில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு அதைத் தெரிந்திருக்கும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு. கொலைத் திமிங்கிலம் என்று பயங்கரமான பேர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது எங்கள் கடலில் படகுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடும் ஓங்கில் என்ற டொல்பினின் குடும்பம்தான். ஆனால் ஒரு வான் வண்டி அளவு பெரிசு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில் குடியிருந்தோம். எனக்கு வேலை டோர்செட் பார்க் பக்கம், தடித்த துணிகள் தைக்கும் ஒரு சின்ன வேலைத்தலத்தில். லொறியை மூடும் தார்ப்பாய், சாப்பாட்டுக் கடை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்கும் துணிக்கூரை, வீட்டு நீச்சல் குளத்துக்கு மூடி, எல்லாம் தைப்போம். என்னோடு வேலை செய்தவரை நான் அண்ணை என்றே கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, வயதுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் மன்னாரில் கலியாணங்களுக்கும் கோயில் பெருநாளுக்கும் பந்தல் போட்டவர். அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்.

ஒரு மார்ச் மாதம், நகரத்துக்கு வெளியே இருந்த கடல் விலங்குப் பூங்கா ஒன்றிலிருந்து ஓர் இளம் பெண் வேலைத்தலத்துக்கு வந்தாள். அங்கே ஓர்காக்களைப் பராமரிப்பவள். அந்தப் பூங்கா இப்போது இல்லை. போன கோடையில் எடுத்த ஒரு படத்தை முதலாளியின் மேசையில் வைத்தாள். கறுப்பு முதுகு, அதில் வெடிப்பு வெடிப்பாக, பழைய சுவரில் பெயின்ற் உரிந்ததுபோல இருந்தது. கடலில் இந்த விலங்கு பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்குமாம். ஆழமான தண்ணீரே அதற்குக் குடை. பூங்காவின் பின்பக்கக் குளமோ ஆழம் குறைந்தது. ஓடித் திரியவும் இடம் இல்லை. அதனால் அங்கே இருந்த பெண் ஓர்கா நாள் முழுக்க மரக்குற்றிபோல மேலே மிதந்துகொண்டு கிடந்தது. காலையில் முதுகுக்குக் களிம்பு பூசுவார்கள், மத்தியானத்துக்குள் அது கழுவுப்பட்டுப் போய்விடும்.

ஆழமான குளம் வேண்டும், இன்னும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கூட ஒரு துணை வேண்டும் என்று தான் கன காலமாகக் கேட்பதாக அவள் சொன்னாள். நிர்வாகம் கடைசியாக ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருந்தது. ஒரேயொரு நிழல் துணி. பூங்கா திறப்பதற்கு முன் கட்டிப் பார்ப்பது, பயன் இருந்தால் வைத்திருப்பது, இல்லாவிட்டால் கழற்றிவிடுவது.

முதலாளி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "பந்தல்தானே? ஓம் எண்டு சொல்லும்." நான் சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் இதைச் சொன்னதும் மகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

"அப்பா, அதை ஏன் கடலிலயே விடுறேல்லை?"

அது குட்டியாக இருக்கும்போதே பிடிபட்டது, இப்போது தனியே விட்டால் இரை பிடிக்குமோ தெரியாது என்று பராமரிப்பவள் சொன்னதை நான் சொன்னேன்.

"அப்ப பெரிய குளம் ஒண்டு கட்டச் சொல்லுங்கோ. இது ஃபெயார் இல்லை."

"அது என்ர கையில இல்லை, குஞ்சு. நிழல்தான் என்ர கையில இருக்கு. அதை நான் சரியாச் செய்து குடுப்பன்."

அடுத்த நாளே அவள் வகுப்பு ரீச்சரிடம் தன் அப்பா ஓர்காவைச் சுகப்படுத்தப் போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜூனில் அந்த வகுப்பு அதே பூங்காவுக்குச் சுற்றுலா போக இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் நானும் அண்ணையும் அளவெடுக்கப் போனோம். வானம் மூடிக் கிடந்தது, ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. ஓர்கா வடக்குச் சுவரில் இருந்த ஓர் இரும்புக் கம்பிக் கதவோடு மூக்கை வைத்து, வாலைத் தெற்கே நீட்டிக்கொண்டு மிதந்தது. எப்போதும் அதே இடத்தில்தான் கிடக்கும் என்று பராமரிப்பவள் சொன்னாள். அப்படியென்றால் வேலை சுலபம் என்றார் அண்ணை. அது கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே, அதன் நீளத்துக்கு ஒரு துணி. வருத்தம் வந்தால் ஓர்காவைத் தூக்கும் பாரந்தூக்கியின் கை உள்ளே வரவேண்டும் என்பதால் இரண்டு மாடி உயரத்தில் கட்டவேண்டியிருந்தது. காற்றுக்கு வழிவிடும் பச்சை வலைத் துணியை எடுத்தோம். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு, பித்தளை வளையங்கள் அடித்தேன். வேறு ஆட்கள் தூண்களை நட்டார்கள். ஏப்ரல் கடைசியில் போய்த் துணியைக் கட்டினோம். முறுக்குக் கம்பிகளை இழுத்து இறுக்கியபோது அது பறை மேளம்போல விறைத்து நின்றது. அதைவிடத் திறமாக யாரும் கட்டியிருக்க முடியாது.

மத்தியானம் மேகம் விலகியது.

நிழல் விழுந்தது. அருமையான, கறுத்த, சதுரமான நிழல். குளத்துக்கு வெளியே, நடைபாதையில். மீன் வாளிகள் நிழலில் இருந்தன. பராமரிப்பவளின் பிளாஸ்ரிக் கதிரையும் நிழலில் இருந்தது. ஓர்காவுக்கு மூக்கு மட்டும் நிழலில், முதுகு முழுக்க வெயிலில்.

அண்ணை வாளிகளைப் பார்த்தபடி சொன்னார்: "மீனுக்கெண்டுதானே கட்டினனாங்கள். வாளிக்குள்ள கிடக்கிறதும் மீன்தானே."

என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்கிவிட்டதோ? எங்கள் ஊர் பூமியின் நடுக்கோட்டுக்குக் கிட்ட. அங்கே வருஷத்தில் பெரும்பகுதி மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு மேலே, அல்லது அதற்குக் கிட்டவாக நிற்கும். பந்தல் எங்கேயோ நிழலும் அங்கேயே. அண்ணை அத்தனை வருஷம் கட்டிய பந்தல் எல்லாம் அப்படித்தான் நிழல் கொடுத்தன. கனடா வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. இங்கே நடுக்கோடையிலும் மத்தியானச் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், ஆகவே நிழல் வடக்கே தள்ளி விழும். துணி உயர உயர நிழலும் இன்னும் தள்ளிப் போகும். நம்பாவிட்டால் மத்தியானத்தில் பள்ளிக்கூட மைதானத்துக் கொடிக்கம்பத்தடியில் போய் நின்று பாருங்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் அதைக் கவனிக்கவில்லை. விடிய முன்னம் பஸ்ஸில் ஏறி, பகல் முழுக்க ரியூப் லைற்றுக்குக் கீழே நிற்கிறவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம் நின்றால் என்ன?

பராமரிப்பவள் சிரிக்கவில்லை. மே மாத நீண்ட விடுமுறைக்குப் பூங்கா திறக்கும், அதற்கு முதல் மேலாளர் வந்து பார்ப்பார், இதைக் கண்டால் நிழல் துணி பயனில்லை என்று முடிவெடுத்துவிடுவார் என்றாள். பிறகு குளம், தண்ணீர் என்று தான் எதைக் கேட்டாலும், அந்தத் துணியைப்போலத்தானே என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மேலாளர் வருவதற்கு முன் திருத்தித் தருகிறேன் என்று சொன்னேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் பழுது எங்கே என்று கண்டுவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைத்தலத்து வானை இரவல் வாங்கிக்கொண்டு தனியே போனேன். துணியில் கோடு போடும் சோக்கட்டிதான் ஆயுதம். தூணின் நிழல் விழும் இடத்தைக் காலையிலிருந்து பொழுதுபடும் மட்டும் சீமெந்தில் கீறிக்கொண்டே வந்தேன். இடையில் மனைவி கட்டித் தந்த புட்டைச் சாப்பிட்டேன். நான் குனிந்து கீறும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் ஓர்கா தலையைச் செங்குத்தாக வெளியே தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளைத் திட்டைத்தான் நாங்கள் கண் என்று நினைப்போம். உண்மையான கண் அதற்குக் கீழே, சின்னதாக, ஈரமாக இருக்கிறது. நான் வேலையை நிறுத்தவில்லை. அதுவும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

குளத்தில் மற்ற இடங்களும் இருக்க அது ஏன் அந்தக் கதவடியை விட்டுப் போகாமல் கிடக்கிறது என்று பராமரிப்பவளைக் கேட்டேன். அவள் என்னைக் கதவுக்கு மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் பக்கம் காட்சிக் குளம். அதில் வேடிக்கை காட்டும் இன்னொரு பெண் ஓர்கா. இரண்டும் கம்பிக்கு இரு பக்கமும் மூக்கை வைத்துக்கொண்டு, கதவுப் பிணைச்சல் கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வேறு இடத்தில் நிழல் போட்டால் இது அங்கே போகாது. கதை பேசுகிற இடத்தில்தான் நிழல் வேண்டும்.

அன்றிரவு கீறிய அளவுகளை அண்ணையிடம் சொன்னேன். இருவருமாக யோசித்தோம். துணியின் வடக்கு ஓரம் உயரத்திலேயே இருக்கட்டும், பாரந்தூக்கி வரும். தெற்கு ஓரத்தைக் கம்பிகளில் குளத்தின் நடுவைத் தாண்டியும் நீட்டி, தாழ இறக்கிச் சரிவாகக் கட்டினால் தெற்கிலிருந்து வரும் வெயில் உள்ளே நுழையாது. மேற்கே ஒரு தொங்கல், பின்னேர வெயிலுக்கு. இதற்குத் துணி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். பிழை எங்களுடையது, திருத்தமும் எங்களுடையது என்று முதலாளி சொன்னார். பூங்கன்று வளர்க்கும் பண்ணை ஒன்று நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய வலைத்துணிச் சுருள் ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் காட்டினார். மண் நிறம். பச்சையோடு அதைப் பொருத்தினால் பார்க்க அழகாக இராது. ஓர்கா நிறம் பார்க்கப் போகிறதோ என்று அண்ணை கேட்டார்.

தைத்தோம். கட்டினோம். மேலாளர் வந்த அன்று நல்ல வெயில். அவர் மத்தியானத்தில்தான் வரவேண்டும் என்று பராமரிப்பவளிடம் நானே சொல்லியிருந்தேன். கோட் போட்ட உயரமான மனிதர். ஒட்டுப் போட்ட துணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நிழல் தண்ணீரில் இருந்தது, கதவடியிலிருந்து குளத்தின் நடு மட்டும். ஆனால் ஓர்கா நிழலில் இல்லை. அவர் வந்த அரவத்துக்கு அது கதவை விட்டு வெளிக்கிட்டு வெயிலில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

"சனியன், இண்டைக்குப் பாத்துத்தான் உலாத்த வெளிக்கிட்டிருக்கு," என்றார் அண்ணை.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விலங்குக்கு இது பிடிக்கவில்லைபோல என்றார். பராமரிப்பவள் என்னைப் பார்த்தாள். நான் மேலாளரிடம், கொஞ்சம் நில்லுங்கள் ஐயா, அது தன் சிநேகிதியிடம் திரும்பி வரும் என்றேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க நான் அதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சுற்றினாலும் அது கதவுக்குத்தான் வரும்.

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து கிறீச்சிட்ட சத்தம் வந்தது. இது இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மெதுவாக வந்து கதவோடு மூக்கை வைத்து வாலை நீட்டியது. தலை நிழலில், முதுகு நிழலில், வால்வரைக்கும் நிழலில். அது மூச்சு விட்டபோது எழும்பிய நீர்த்தூவல் மேலாளரின் கோட்டிலும் விழுந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டு இன்னும் கன நேரம் நின்றார். போகும்போது, துணி இருக்கட்டும் என்றார். கதவின் மற்றப் பக்கத்துக்கும் இப்படி ஒன்று தைக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்றும் கேட்டார்.

ஜூனில் மகளின் வகுப்பு போய் வந்தது. அவள் சந்தோஷமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நிழல் நல்லாயிருக்கு அப்பா. ஆனா அந்தக் குளம் இன்னும் சின்னன்தான்."

"ஓம், சின்னன்தான்," என்றேன்.

அவள் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. அவளும் வகுப்புப் பிள்ளைகளும் குளத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பூங்காவுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிய குளத்தை அந்தப் பூங்கா கடைசிவரை கட்டவில்லை. ஆனால் அந்தக் கோடையிலேயே, காட்சிகள் முடிந்த பின்னேரங்களில் நடுக்கதவைத் திறந்துவிட மேலாளர் அனுமதி கொடுத்தார். இரண்டு பக்கமும் நிழல் இருந்தபடியால் ஓர்காக்கள் இரண்டும் எந்தக் குளத்திலும் சேர்ந்து கிடக்கலாம் என்று பராமரிப்பவள் வாதாடி வாங்கியது அது. கேட்பதற்கு அவளுக்கு இப்போது ஒரு பிடி கிடைத்திருந்தது.

ஒக்ரோபரில், பனி கொட்டுவதற்கு முன் துணிகளைக் கழற்றப் போனோம். பராமரிப்பவள் எங்களைக் கரைக்குக் கூப்பிட்டாள். ஒரு சைகை காட்டினாள், ஓர்கா வந்து பக்கவாட்டில் ஒட்டி நின்றது. களிம்பு இல்லை. வெடிப்பு இல்லை. பழைய காயம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு மட்டும். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவித்து உரித்த முட்டைபோல வழுவழுப்பாக இருந்தது, ஆனால் உள்ளே நல்ல உறுதி. அது சந்தோஷமாக இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. தோல் ஆறியிருந்தது. அதை என் கையால் தடவிப் பார்த்தேன்.

அண்ணை தொடவில்லை. அவர் ஏற்கெனவே ஏணியில் ஏறிவிட்டார். துணியை இறக்கி, தண்ணீர் உதறி, நடைபாதையில் விரித்தோம். மடிப்பதற்கு முதல் அவர் வெள்ளைப் பெயின்ற் எடுத்து, தாழ இறங்கும் ஓரத்தில் பெரிய எழுத்தில் "தெற்கு" என்று எழுதினார். வசந்தத்தில் வந்து கட்டப்போகிறவர்களும் நாங்கள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.