கொண்டை ஊசி வளைவில் கிடைத்த சிவப்புக் கல்

போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்தபோது ஒதுக்கிப் போட்டிருந்த கற்களில் ஒன்றை, ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். தோட்ட வேலையாட்களைத் தினமும் மலைக்கு ஏற்றிப் போகிறவர். நிலவியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது.

"டீச்சர், மாணிக்கமான்னு பாத்துச் சொல்லுங்க. ஸ்டாண்டுல எல்லாரும் சிரிக்கிறாய்ங்க."

சாம்பல் நிறக் கல்லில் மாதுளை முத்துகளைப் போலச் சிவப்புப் புள்ளிகள். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தேன். அவசரப்பட்டதில் முதல் சீவல் உடைந்துவிட்டது. இரண்டாவதை முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆனது.

அவரை வரச் சொல்லி நுண்ணோக்கியில் காட்டினேன். சிவப்பு மணிகள் வெளிர் ரோஜா நிறத்தில் தெரிந்தன. ஒளியை வடிகட்டும் இரண்டாவது கண்ணாடியை உள்ளே தள்ளியதும் அவை மட்டும் கறுத்துப் போயின.

"என்ன டீச்சர், அணைஞ்சு போச்சு?"

"மேடையச் சுத்துங்கண்ணே."

சீவல் வைத்திருந்த வட்டத் தட்டைச் சுற்றினார். கறுப்பு மாறவில்லை. மாணிக்கமாக இருந்தால் இடையிடையே ஒளிரும் என்றேன். லேசர் பாய்ச்சிச் சிதறும் ஒளியை அளக்கும் நிறமாலைமானியிலும் வைத்துப் பார்த்தோம். திரையில் எழும்பிய கோடுகளும் மாணிக்கமில்லை, கார்னெட் என்ற விலை குறைந்த சிவப்புக் கல் என்றே சொல்லின. இந்த மலைப் பாறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது.

அவர் முகம் வாடும் என்று பயந்தேன். அவரோ மறுபடி நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

"கறுப்பு கெடக்கட்டும். பக்கத்துல வரி வரியா இருக்கே, அது என்ன?"

"ஃபெல்ஸ்பார். பாறையில கலந்திருக்குற இன்னொரு கனிமம்."

"நாளைக்கு வீட்டுக்காரியக் கூட்டிட்டு வர்றேன்."

சொன்னபடி வந்தார். அந்த அக்கா ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கிறவர். கறை படிந்த விரல்களை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கருவியைத் தொட்டார். மேடையைத் திருப்பத் திருப்ப வரிகள் வெள்ளையாகி, கறுத்து, மறுபடி வெளுத்தன. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெரசா வா, ஆளுகள ஏத்தணும்."

"நீ போய் ஏத்து" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல். "நான் பஸ்சுல வந்துக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் ஆய்வகத்தில் இருந்த வேறொரு பாறையின் சீவலை அக்காவுக்கு எடுத்து வைத்தேன்.