அக்கா வீட்டு டிவியும் என் வீட்டு டிவியும்

அந்த டிவியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது அதன்மேல் போட்டிருந்த உறைதான். நீலப் பூப்போட்ட பழைய சேலையைக் கிழித்து, ஓரம் அடித்து, மூலைக்கு மூலை நாடா வைத்து அக்காவே தைத்த உறை. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் அதைக் கழற்றுவாள். நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு, அதன்பிறகு சுவிட்சைப் போடுவாள். முதலில் சத்தம் மட்டும் வரும். கொஞ்ச நேரம் கழித்து, பனி விலகுவதுபோல் படம் மெல்ல மெல்ல மேலே வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்கா டிவியைப் பார்க்கமாட்டாள். திரும்பி என்னைத்தான் பார்ப்பாள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் சிலமலையில் காடுகரையோடு இருந்தாள். நாங்கள் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அவர் ஏலச்செடிக்கு மருந்தடிப்பார். நான் காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து வரும் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்குவேன். மாதம் ஒரு தடவை அரிசி வாங்க மலையிலிருந்து இறங்கி வந்து போவதற்கே ஜீப்புக்குக் காசு சரியாக இருந்தது. அதனால் ஊர் ரேசன் கார்டை ஒப்படைத்துவிட்டு அந்தப் பக்கத்துக் கார்டு வாங்கிக்கொண்டோம். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்து இரண்டு பேரும் சந்தோசப்பட்டோம். அது ஆறிக்கூடப் போகவில்லை, கார்டுக்கு ஒரு கலர் டிவி இலவசம் என்று தமிழ்நாட்டில் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கும் ஒன்று வந்தது. சில பேர் சத்தம் காட்டாமல் இரண்டு பக்கமும் கார்டு வைத்திருந்து டிவியும் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஊருக்குப் போனால் அக்கா வீட்டுத் தரையில்தான் எனக்கு இடம். ஊர்ப் பெண்கள் முன்னாடி உட்கார்ந்துவிடுவார்கள். நான் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வேன். எனக்கு எங்கேயும் வாய் திறந்து பேச வராது. இந்தப் பாட்டை வை, அந்த நாடகத்தை வை என்று கேட்டதே இல்லை. அக்காவோ எல்லார் முன்னாலும், "ஏன்டி சின்னவளே, ஒங்க கேரளாக்காரன் என்னத்தக் குடுத்தான்? அட்டைப்பூச்சிதான?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு மலைக்குத் திரும்பினால், மழைக்கால இடி விழும்போதெல்லாம் அக்கா வீட்டு ஓட்டுக்கூரையையும் அதன்கீழ் இருக்கிற டிவியையும்தான் நினைத்துக்கொள்வேன். அடுத்த தடவை போகும்போது, "இடியெல்லாம் பலமா இருந்துச்சாமே, சாமானெல்லாம் நல்லாருக்காக்கா?" என்று விசாரிப்பேன். நல்லாத்தான் இருக்கும். எதிர்வீட்டு டிவி கருகியிருக்கும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர், "வா, போடிக்குப் போய் நமக்கும் ஒண்ணு பாப்போம்" என்றார். புது டிவிக்கு எங்களால் ஆகாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு ரிப்பேர் கடை. பழைய டிவிகளைச் சரிபண்ணி விற்பார்கள். மூன்று டிவியைப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். ஒன்றில் படம் மேலேயும் கீழேயும் சுருங்கி, ஆளெல்லாம் குள்ளமாகத் தெரிந்தார்கள். இன்னொன்றில் மூலையில் நாவற்பழக் கறை மாதிரி ஊதாவாகப் படர்ந்திருந்தது. மூன்றாவது டிவியில் வயலும் மலையுமாக ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, அந்தப் பச்சை! ஸ்டோரிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்து சாக்கில் கொட்டிய முதல்தரக் காயின் பச்சை. வெளுத்ததை ஒதுக்கு, மஞ்சள் பட்டதை ஒதுக்கு, பச்சையை எடு என்று பகலெல்லாம் பழகிய கண் என்னுடையது. வேறு எதையும் அது பார்க்கவில்லை. அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து அந்த டிவியைக் காட்டினேன்.

"இதா? நல்லாப் பாத்துக்க."

தலையை ஆட்டினேன்.

"இவ கண்ணு தப்பாதுண்ணே. தோட்டத்துல இவ பொறுக்குன காய மொதலாளி மறுபடி பாக்கவே மாட்டாரு. இதையே குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"அப்புறமென்ன, தங்கச்சியே சொல்லிருச்சு" என்று கடைக்காரர் வெரசாக வயரைப் பிடுங்கினார்.

லயத்தில் கொண்டுவந்து போட்டோம். வயல் பாட்டு இல்லை, நாடகம். மாமியார் பச்சை, மருமகள் பச்சை. சாமி படத்துக்கு வைத்த செம்பருத்தியும் பச்சை. பக்கத்து லயத்து மலையாளத்துப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, இவர்க்கெல்லாம் தீனமா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் சீக்கா என்கிறாள். சிவப்புக்கு வேலை செய்கிற பாகம் ட்யூபுக்குள்ளேயே செத்துப்போய்விட்டது, ட்யூபை மாற்றினால் டிவி விலையைத் தாண்டும் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "மலைமேல எல்லாம் பச்சையாத்தான தெரியும். விடு ஆத்தா" என்றார்.

அந்த வருசம் தோட்டத்துக் கோயில் சாமி கும்பிடுக்கு அக்கா மேலே வந்தாள். வந்ததும் டிவியைப் போடச் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏன்டி, ஒங்க சீமையில எல்லாத்துக்கும் பித்தமா? கசாயம் வச்சுக் குடுங்கடி!" நான் காப்பி போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் போய்விட்டேன். அவள் வீட்டு டிவியில் குங்குமம் குங்குமமாகத் தெரியும். தக்காளி தக்காளியாகத் தெரியும். அதை நினைத்து அன்றைக்கு என் வயிறு எரிந்ததுபோல் அதற்கு முன்னால் எரிந்ததில்லை.

காலம் ஓடிவிட்டது. அந்தப் பச்சை டிவி ஒரு மழையில் நனைந்து பழைய இரும்புக்குப் போனது. அதை ஏற்றிவிட்டபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அவருக்கு நெஞ்சுச் சளி முற்றி, தோட்டத்தை விட்டு இறங்கி வந்தோம். இப்போது அவர் இல்லை. நான் போடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். சுவரில் அகலமாக ஒரு டிவி மாட்டியிருக்கிறான். நல்ல டிவிதான். ஆனால் அது அவன் டிவி. எனக்கென்று ஒரு பழைய பெட்டி டிவி, முகம் முகமாகத் தெரிகிற டிவி வேண்டும் என்ற ஆசை மட்டும் இந்த வயசிலும் போகவில்லை. சந்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். இருந்த பையன்கள், "ட்யூப் டிவியா பாட்டி? காயலாங்கடையில பாருங்க" என்றார்கள். அங்கேயும் போனேன். வெறும் கூடுகள் கிடந்தன. ஒன்றுக்குள் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

போன மாதம் அக்கா மகன் பெரிய டிவி வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். உடனே பஸ் ஏறிவிட்டேன். நான் நினைத்தது சரி. பழைய டிவி உறையோடு வாசலில் இருந்தது. பழைய இரும்புக்காரர் வரவேண்டியதுதான் பாக்கி. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஊர்க்கதை பேசினோம். காப்பி குடித்தேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. தெருவில் பழைய இரும்புக்காரர் கூவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாய் வந்தது.

"அக்கா, அந்த டிவிய எனக்குத் தாரியா?"

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "இத்தன வருசமா இந்த வாய எங்கடி வச்சிருந்த?" என்றாள்.

"ஓடுமாக்கா?"

"ஓடாம? பொன்னு மாதிரி ஓடும்." வாசல் பக்கம் கையைக் காட்டி, "ஒனக்கு இது மேல கண்ணுன்னு எனக்குத் தெரியும்டி. எனக்கும் ஒன் டிவி மேல கண்ணுதான்" என்றாள்.

"அந்தப் பச்சை டிவி மேலயா? அதப் பாத்து அம்புட்டுச் சிரிச்ச?"

"சிரிக்காம என்ன செய்ய? நீங்க அத வாங்குன அன்னைக்கு நானும் போடிச் சந்தைக்கு வந்திருந்தேன். ஒங்க ஜீப்பு கெளம்புறப்ப ரோட்டுல நின்னு பாத்தேன். எங் கொழுந்தன் துண்டச் சுத்தி அத மடியில வச்சு, பச்சப்புள்ளயப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருந்தாரு. நீ சன்னல் பக்கம் மகாராணி மாதிரி வெறுங்கையோட ஒக்காந்திருந்த." அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் வீட்டுக்காரர் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு இது சர்க்காரு குடுத்துச்சுடி. ஒனக்கு ஒம் புருசன்ல வாங்கிக் குடுத்தாரு. எங்க வீட்டு மனுசன் இன்னைக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு சோப்புக்கட்டி வாங்கியாந்ததில்ல."

அக்காவிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது. அது தெரியாமலேயே இத்தனை காலம் புழுங்கியிருக்கிறேன்.

அக்கா மகன் ஆட்டோ பிடித்து வந்தான். பின்னால் வைத்தால் குலுங்கும், உடைந்துவிடும் என்றான். "மடியில வச்சுக்க" என்று அக்கா அதட்டினாள். வைத்துக்கொண்டேன். அப்பாடி, என்ன கனம்! கண்ணாடிப் பக்கமெல்லாம் நெஞ்சில் அழுந்தியது. சிலமலையிலிருந்து போடி பக்கம்தான். மேடு பள்ளம் இல்லாத ரோடுதான். அதற்குள்ளேயே தொடை இரண்டும் மரத்துப்போய், இறங்கும்போது கால் ஊன்ற முடியாமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்டு முழுக்க ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு சாயும்போது அவரும் டிவியோடு சேர்ந்து சாய்ந்திருப்பார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். மேலே போய் இறங்கியபோது அவருக்குக் கால் மரத்திருந்ததா என்று எனக்கு நினைவில்லை. டிவி உடையாமல் வந்துவிட்டதா என்றுதான் பார்த்திருப்பேன்.

இப்போது என் கட்டிலுக்கு எதிரே அக்கா டிவி ஓடுகிறது. சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. அக்கா சொன்னது பொய்யில்லை, பொன்னு மாதிரி ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அக்கா ரோட்டில் நின்று வயிறெரியப் பார்த்தாளே, அந்த ஜீப்பு சன்னலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அன்றைய என்னை, அந்த மகாராணியை நினைத்தால் இப்போது எனக்கும் வயிறு எரிகிறது.