கடல் பக்கத்து விளக்கு

கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியூர் போவது நடக்காத காரியம். ஒருத்தர் போனால் இன்னொருத்தர் காவல். உறவில் கல்யாணம் என்றால் முதல்நாள் இரவு அவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார், மறுநாள் முகூர்த்தத்துக்கு நான் போவேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதா?" என்று ஒரு சொந்தக்காரி என்னிடமே கேட்டிருக்கிறாள். எங்களுக்கு ஆகும், கோழிக்குத்தான் ஆகாது என்றேன். புதன்சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் காட்டுக்குள் நாலு செட்டுக் கொட்டகை நிறைய முட்டைக்கோழி. ஒரு வேளைத் தீவனம் தள்ளிப்போனால் அந்த வாரம் பூராவும் முட்டை குறையும். மகளைக் கட்டிக்கொடுத்துச் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு அனுப்பிய பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இரவுகூட வெளியில் தங்கியதில்லை. முதன்முதலாகத் தங்கியது கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட்டில். அதுவும் எங்கள் கோழிகளைக் கடைசியாக லாரியில் ஏற்றும் நாளில், அவர் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அவருக்கு நெஞ்சில் தூசி. தீவனத் தூசி, இறகுத் தூசி, எருத் தூசி எல்லாமாகச் சேர்ந்து மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "கோழி வேணுமா, நீங்க வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்காமல் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், டாக்டர் முன்னால் அடக்கிக்கொண்டேன்.

மூடிவிடலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வயதான கோழிகளை எடுக்க வியாபாரியின் லாரி வரும்போதெல்லாம், "இன்னும் முட்டை வெக்குது, பாவம், கொஞ்ச நாள் போவட்டும்" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை அனுப்பிய அன்று சாப்பிட உட்கார்ந்தவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "நான் இருந்தா லாரியைத் திருப்பி அனுப்பத்தான் செய்வேன். எங்கயாச்சும் என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க. திரும்பி வரையில எல்லாம் முடிஞ்சிருக்கோணும்."

அதற்குப் பிறகுதான் மகள் போனில் தேடி அந்த ரிசார்ட்டைப் பிடித்தாள். ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை. "அப்பாவுக்கு மனசு மாறோணும்மா. பண்ணையை நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்றாள். மனசு என்ன சட்டையா மாற்றிக்கொள்ள என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

முட்டைக்கோழிக்கு எல்லாமே வெளிச்சத்தில் இருக்கிறது. பகல் நீளமாக இருந்தால்தான் நன்றாக முட்டையிடும். அதனால் விடிவதற்கு வெகு முன்னாலேயே செட்டுகளில் விளக்கைப் போட்டுப் பொய்யாக ஒரு விடியலைக் காட்டுவோம். இப்படிப்பட்ட பண்ணையில் சேவல் கிடையாது, சேவல் வேலையை என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். பிற்பாடு தானாக விளக்குப் போடும் டைமர் வாங்கி மாட்டினோம். கரண்ட் போய்ப் போய் வந்தால் டைமருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அதையும் அவர் நம்பவில்லை. அதே நேரத்துக்கு எழுந்து, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி எங்கள் வாசல் விளக்கைப் போடுவார். பிறகு கதவைத் திறந்து நாலு செட்டும் எரிகிறதா என்று நின்று பார்ப்பார். மழை, காய்ச்சல், மகள் பிறந்த நாள் எதுவும் அதற்கு விலக்கில்லை.

வாடகைக் காரில் கிளம்பினோம். சேலத்தைத் தாண்டி வாழப்பாடியில் டீ குடிக்க நிறுத்தியபோது முட்டை ஏற்றிய வண்டி ஒன்று எதிரில் போனது. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அது மறையும்வரை பார்த்தார். "குலுக்கலா ஓட்டறான்" என்றார்.

ரிசார்ட்டைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் கட்டியிருந்தார்கள். செம்மண் பூச்சு பூசிய சுவர், அதற்கு நடுவில் பனைமரம் நின்றால் கூரையில் வட்டமாக ஓட்டைவிட்டு அதை மேலே போக விட்டிருந்தார்கள். நடைபாதை நெடுகக் கல்லிலும் சுடுமண்ணிலும் சிலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் முடிகிற இடத்தில் கொஞ்சம் கடல் தெரிந்தது. அதையும் சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரிதான் வைத்திருந்தார்கள். இத்தனை அழகை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நுழைந்தவுடன் முற்றத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைக்கல் முட்டை. அதற்கு மேலும் கீழும் விளக்கு. வேறெதையும் பார்க்காதவர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கூர்முனையை மேல வெச்சிருக்காங்க. அட்டையில நாம கீழதானே வெப்போம்?" என்றார். "அது முட்டை இல்லீங்க, கலை" என்றேன். "எதுன்னாலும் முட்டைதானே?" என்றார். அந்தப் பயணத்திலேயே அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

அறையைக் காட்டிய பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், வாசலுக்கு வெளியே கடல் பக்கம் இருக்கும் பெரிய விளக்கை மட்டும் இரவில் போட வேண்டாம் என்றாள். ஆமைக் குஞ்சு பொரிக்கிற காலமாம். அவசரத்துக்கு மட்டும்தான் அந்த விளக்காம். சரிங்க, சரிங்க என்று அவர் தலையாட்டினார். எனக்கும் அது காதில் விழுந்தது. பாவம், எவ்வளவு அக்கறை என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்தோம். அவர் கடலைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, அந்தத் திசையில் முகத்தை வைத்திருந்தார். இந்நேரம் முட்டை பொறுக்கி முடிந்திருக்கும் என்பார். கொஞ்சம் கழித்து, தண்ணித் தொட்டியைப் பார்த்திருப்பாங்களா என்பார். நாளைக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பார்த்திருப்பாங்க என்று நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விடியலுக்கு முன்னால் அவர் இருமுகிற சத்தத்தில் விழித்தேன். பக்கத்தில் ஆளில்லை. திரைச்சீலை முழுக்க வெளிச்சம். விடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எழுந்து கதவைத் திறந்தால், வெளியே அந்தப் பெரிய விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதற்குக் கீழே நின்று, இருட்டில் நாலு செட்டைத் தேடுகிறவர்போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கம். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது கைக்குத் தெரியுமா?

"ஏனுங்க, லைட்டை அணைங்க" என்றேன். அவர் குனிந்து புல்லைப் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன். புல்லில் கறுப்பாக ஏதேதோ நகர்ந்தன. குழந்தையின் உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். கடலை விட்டுவிட்டு எங்கள் அறையை நோக்கி வந்துகொண்டிருந்தன. சில படிக்கட்டில் முட்டிக்கொண்டு நின்றன. சில நீலக்கல் பதித்த நீச்சல் குளத்தில் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தன. காக்கைக்கு எப்படித்தான் சேதி போகுமோ, அது அதற்குள் வந்துவிட்டது.

அவர் துண்டை விரித்து அள்ள ஆரம்பித்தார். நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், நான் மிதித்தால் செத்துப்போகுமே என்று பயம். ஒன்று துவண்டு கிடந்தது. அதை எடுத்து அதன் வாயை நீச்சல் குளத்துத் தண்ணீரில் முக்கினார். பண்ணைக்குக் குஞ்சு வந்து இறங்கிய முதல் நாள் ஒவ்வொன்றின் அலகையும் அப்படித்தான் முக்கி எடுப்போம், அப்போதுதான் தண்ணீர் குடிக்கப் பழகும். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

"ஐயா, அந்தத் தண்ணி வேணாம்" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். அந்த ஊர் மீனவப் பெண். ஆமைக் காலத்தில் கரையைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தார்கள். முதலில் விளக்கை அணைத்தாள். பிறகு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு லைட்டு போட்டது?" என்றாள்.

"நான்தானுங்க."

"வேணாம்னு சொல்லலையா உங்களுக்கு?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன்யா போட்டீங்க? அதுங்களுக்கு எது வெளிச்சமோ அதான் கடலு."

அவர் பழக்கத்தில் போட்டுவிட்டார், நாங்கள் கோழிப்பண்ணைக்காரர்கள் என்று நான்தான் உளறினேன். அவளுக்கு அதில் என்ன புரிந்திருக்கும்? உயிரோடு இருந்ததை எல்லாம் வாளியில் பொறுக்கினோம். செத்ததை அவள் தனியாக ஒரு இலையில் வைத்தாள். இலை நிறைந்துவிட்டது.

கரையில் அவற்றை ஈரமணலில்தான் விட வேண்டும், தானாக நடந்து இறங்கட்டும் என்றாள் அவள். அவர் குந்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும், "போ சாமி, போ" என்றார். மகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றும்போது அவர் குரல் அப்படித்தான் இருக்கும். எல்லாம் இறங்கிப் போன பிறகு, "இதுங்க தாய் எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"முட்டை வெச்ச அன்னிக்கே அது போயிடும்யா. திரும்பிப் பாக்காது."

"எங்க கோழிகளும் ஒரு குஞ்சைக்கூடப் பார்த்ததில்லீங்க" என்றார்.

என் கையில் போன் அடித்தது. மகள். அவர் போனைப் பார்த்துவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏத்தி முடிச்சாச்சும்மா. இப்பத்தான் லாரி போவுது" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை. நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஆமைக்கா, கோழிக்கா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. திரும்பி நடக்கும்போது முற்றத்தில் அந்தக் கல்முட்டைக்கு மேலும் கீழும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சுவர் மறைப்பதால் அந்த வெளிச்சம் கடலுக்குத் தெரியாதாம், அப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்களாம். மேனேஜர் வந்து, "பரவாயில்லைங்க சார், தெரியாம நடந்ததுதானே" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காலைச் சாப்பாட்டுக்கு முட்டையை எப்படிச் செய்யட்டும் என்று ஒருவர் வந்து கேட்டார். வேண்டாம் என்று இவர் கையை மட்டும் அசைத்தார்.

இன்னொரு இரவுக்கும் அறை எடுத்திருந்தது. அன்றைக்கே கிளம்பிவிட்டோம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மகள் தோசை ஊற்றி வைத்திருந்தாள். மூன்று பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டோம். வெளியேயும் சத்தமில்லை. இத்தனை வருசமாக அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்ததால் அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை, இல்லாதபோதுதான் காது வலித்தது. வாடைகூட இன்னும் போகவில்லை என்றாள் மகள். எனக்கு வாடை எப்போதும் தெரிந்ததில்லை. அவர் ஜன்னல் பக்கமே திரும்பாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

விடியலுக்கு முன்னால் அவர் எழுந்தது எனக்குத் தெரிந்தது. வாசல் விளக்குக்குக் கை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. இருட்டிலேயே கதவைத் திறந்துகொண்டு நின்றார். என்ன பார்க்கிறார் என்று நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். டைமரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நாலு செட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. வரிசை வரிசையாகக் கூண்டு, கூண்டுக்குள் வெளிச்சம் மட்டும். ஒரு தடவைகூட அவர் நம்பாத டைமர், அன்றைக்கும் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போட்டிருந்தது.

செருப்புப் போடாமல் இறங்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். முதல் செட்டை அணைத்தார், இரண்டாவதை அணைத்தார். மூன்றாவது செட்டுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் உடுங்க. விடிஞ்சு அணைச்சுக்கலாமுங்க" என்றேன்.

"வேண்டாம் அம்மிணி" என்றார். "இதை நம்பி எதாச்சும் வந்துரும்."