அலுவிகாரை ஜெஸ்டினின் அவுஸ்திரேலிய ஆட்டம்

அடுத்தவர் கதை தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் மெயின் ரோட்டோரம் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவளுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வழக்குக் கடிதம் எல்லாம் என் கைபட்டுத்தான் போகின்றன. இருந்தும் பாடசாலை வேன் ஓட்டும் ஜெஸ்டினின் கதை மட்டும் ஆறு வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

அவனுடைய இடது காது நசுங்கிப்போய் இருக்கும். கேட்டால், "றக்பி லீக் ஆடினேன் ஹமீமா அக்கா, அவுஸ்திரேலியாவுல. நாலு சீசன்," என்பான்.

2012இல் களவாகப் படகேறிப் போனவன் அவன். கடைசியில் குயின்ஸ்லாந்தில் ஒரு சின்ன ஊரில், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த ஊர் அணிக்கு ஒரு நாள் ஆள் குறைந்தபோது, மாட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டானா என்று இவனை இழுத்துப் போனார்களாம். முதல் நாள் எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியவில்லையாம். அடுத்த சீசனில் ஓரத்து ஓட்டக்காரன் இவன்தான்.

நான் விடுவேனா? என்ன ஆட்டம், எத்தனை பேர் என்று குடைந்தெடுத்தேன். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்து வைத்திருப்பவனைப் பிடித்து விழுத்தினால், அவன் எழுந்து நின்று பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். இப்படி ஆறு தடவை விழுந்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். ஒரு கடதாசிப் பெட்டியை வைத்துக் கடைக்குள்ளேயே செய்து காட்டினான்.

அந்த உருட்டல்தான் அவனுக்கு வினையாகப் போனது. ஊர் திரும்பிய வருடம் மாத்தளையில் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். இங்கே ஆடுவது பதினைந்து பேர் றக்பி, சட்டமே வேறு; தரையில் விட்ட பந்தை யாரும் பறிக்கலாம். ஜெஸ்டின் விழுந்தான், எழுந்தான், பழக்க தோஷத்தில் பந்தை வைத்துக் காலால் உருட்டினான். எதிர் அணிக்காரன் நோகாமல் பொறுக்கிக்கொண்டு ஓடினான். மறுபடியும் அப்படியே. மைதானமே சிரித்தது. ஆட்டமே தெரியாதவன் அவுஸ்திரேலியாவில் ஆடினானாம் என்று அன்றைக்கே முத்திரை குத்திவிட்டார்கள்.

ஊர் சிரித்ததை அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது அப்பாவின் மௌனம். ஹெர்பர்ட் அங்கிள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகேறும்போது ஜெஸ்டின் வீட்டில் சொன்னது, "கொழும்புல வேலை கிடைச்சிருக்கு" என்று. அவன் கடலில் இருந்த இருபத்திரண்டு நாளும் ஒரு தகவலுமில்லாமல், மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அம்மா மதலேனா படுத்த படுக்கையானார். மூன்றாம் வருடம் கண்ணை மூடினார். அங்கிருந்து வெளியேறினால் திரும்பப் போக முடியாதென்று மகன் சாவுக்கும் வரவில்லை. கடைசியில் விசா இல்லை என்றதும் வெறுங்கையோடு வந்து நின்றான்.

அன்றிலிருந்து அங்கிள் அவனோடு நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. "அவனுக்குத் தேத்தண்ணி வேணுமான்னு கேளு," என்று மருமகள் ஷியாமளாவிடம் சொல்வார். "வேணும்னு சொல்லு," என்பான் இவன். பாவம், ஷியாமளா.

"நான் சொல்றத அப்பா ஒரே ஒரு தடவ நம்பிட்டா போதும் அக்கா," என்று ஜெஸ்டின் ஒருமுறை என்னிடம் சொன்னான்.

போன வருடம் ஹெர்பர்ட் அங்கிள் பென்ஷன் கடதாசியோடு கடைக்கு வந்தார். கொப்பி எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"மகள், கம்பியூட்டர்ல பாத்து சொல்றீங்களா? ஜெஸ்டின்னு ஒருத்தன் அங்க பந்து வெளையாடினானான்னு."

எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. மனுஷன் உள்ளுக்குள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! அந்த ஊரையும் ஜெஸ்டின் பெயரையும் போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை.

"நெனச்சேன்," என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். ஏன்தான் தேடினேனோ என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, வேன் வேலையாக ஜெஸ்டின் தன் ஐடென்டிட்டி கார்ட்டைக் கொப்பி எடுக்கக் கொடுத்தான். ஹெர்பர்ட் ஜெஸ்டின் என்றிருந்தது. நம் பக்கத்தில் தகப்பன் பெயர்தானே முன்னால் வரும். முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று வெள்ளைக்காரன் எடுத்துக்கொள்வான். அவன் போன கையோடு ஹெர்பர்ட் என்று தேடினேன்.

இருந்தது! அந்த ஊர் கிளப்பின் இணையப் பக்கத்தில் வெறும் ஹெர்பர்ட் என்று மட்டும், நாற்பத்தாறு ஆட்டம். நசுங்கிய காதோடு இவன் முகம். கூடவே ஓர் இறுதி ஆட்டத்தின் வீடியோத் துண்டு.

மறுநாள் அங்கிளைக் கூப்பிட்டுக் கடை பெஞ்சில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஜெஸ்டின் பந்தோடு ஓரமாகப் பறக்கிறான். சனம் முழுக்க "ஹெர்பர்ட்! ஹெர்பர்ட்!" என்று கத்துகிறது. தம்புள்ளைக்கு அப்பால் போயிராத அந்த மனுஷன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைத் தாண்டியாயிற்று, பந்தைத் தரையில் வைத்தால் வெற்றி. கிட்டத்தில் ஒருவருமில்லை. பந்து கையிலிருந்து நழுவி விழுந்தது.

மூன்று தடவை பார்த்தார். அதற்குள் நான் போன் பண்ணி வரச்சொன்ன ஜெஸ்டினும் வந்து வாசலில் நின்றான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"இது தெரிஞ்சிரும்னுதான் அக்கா அந்தப் பேர ஒருத்தர்கிட்டயும் சொல்லல," என்றான்.

அங்கிள் என்னைப் பார்த்தே பேசினார். "மகள், அவன் பேரு ஜெஸ்டின்னு அங்க ஏன் சொல்லலன்னு கேளுங்க."

"மொதல்ல இங்கிலீசு வரலன்னு சொல்லுங்க அக்கா. பொறகு, அப்பிடிக் கூப்பிடுறது நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று எரிந்து விழுந்தேன். "வேணும்னா நீங்களே கேளுங்க அங்கிள்!"

ஹெர்பர்ட் அங்கிள் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா அந்தப் பந்த விட்டே?"

ஜெஸ்டின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். "வெயிலு கண்ணுல அடிச்சிருச்சுன்னு அங்க எல்லாருக்கும் சொன்னேன். வெயிலெல்லாம் இல்லப்பா. பயந்துட்டேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு," என்றார். "மகள், இன்னொரு தடவ போடுங்க."