தொண்ணூறு ரோல்ஸ் கொண்ட சட்டசபை

"கையை எடுங்கோ தம்பி. இன்னும் அரசாங்கம் அமையேல்லை."

பரமட்டா ரயிலுக்கு முன் ஆறு ரோல்ஸ் வாங்கிவிடலாம் என்று வந்தவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கனகேஸ்வரி சூடான ரோல்ஸை ஒன்பது குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது குவியல், இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் ஒன்பது மாகாணங்கள். பெரிய குவியல் பலெர்மோ. மக்கள் கூடிய மாகாணத்துக்குச் சபையில் கூடுதல் கதிரை. அப்படி எண்பது. தலைவருக்கு ஒன்று, தோற்று இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்று, வென்றவரின் கையைப் பலப்படுத்த இன்னும் எட்டு. எல்லாமாகத் தொண்ணூறு. பொரிக்கும்போது வெடித்த ரோல்ஸ் தனித் தட்டில் கிடந்தன. அவை நூற்றுக்கு ஐந்து வாக்குக்கூட எடுக்காத கட்சிகள். சபைக்குள் வர முடியாது, அரை விலைக்குக் கிடைக்கும்.

ரயில் போய்விட்டது. வாங்க வந்தவர் எதிர்க்கட்சியில் ஆறு எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு நடந்தார்.

சிட்னியின் பென்டில் ஹில்லில், கனகேஸ்வரி வேலை செய்யும் தவத்தின் பலசரக்குக் கடைக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கம். மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போய் மாகாண ஆட்சி கற்றுக்கொண்டு வருவார்கள். கனகேஸ்வரிக்கு ஐம்பத்தைந்து வயது. குட்டை உருவம், பெரிய கைப்பை, எந்த வசனத்தையும் 'அலோரா' என்றுதான் தொடங்குவார். 'சரி, அப்ப' என்பதற்கு இத்தாலியில் சொல்வது. பத்தொன்பது வருடம் பலெர்மோவில் ஒரு வக்கீலின் வயதான தாயைப் பராமரித்தவர். அந்த வக்கீல் பிராந்திய சபைக்குத் திரும்பத் திரும்பப் போட்டியிட்டு, திரும்பத் திரும்பத் தோற்றார். வீடே பிரசார அலுவலகம். சாமிப் படம் அளவில் வக்கீலின் முகம் அச்சடித்த அட்டைகளை அடுக்கியதும், வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றியதும் கனகேஸ்வரிதான். கோப்பி ஊற்றும் இடத்தில் எல்லாம் காதில் விழும்.

அங்கே ஒரே தாளில் தலைவருக்கு ஒருவரையும் சபைக்கு வேறு கட்சியையும் தெரிவு செய்யலாம். பிடித்த வேட்பாளரின் பெயரைக் கைப்பட எழுதவும் செய்யலாம். அந்தத் தாய் ஒருமுறை வாக்குப் போட்டுவிட்டு வந்து கனகேஸ்வரியின் காதுக்குள் சொன்னாராம், மகனின் பெயரை எழுதவில்லை என்று. வென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வர மாட்டான்.

இவ்வளவும் தெரிந்த கனகேஸ்வரி வாழ்நாளில் ஒரு வாக்கும் போட்டதில்லை.

எழுபத்தேழில் ஊரில் தேர்தல் நடந்த அன்று அவருக்குக் கொப்புளிப்பான் அம்மை. பிறகு யுத்தம், இடம்பெயர்வு. பலெர்மோவில் குடியுரிமை கிடைத்தது, ஆனால் ஒரு தேர்தல் முடிந்த பிறகு. அடுத்தது வருவதற்குள் மகள் சிட்னிக்குக் கூப்பிட்டுவிட்டாள். இங்கே இன்னும் குடியுரிமை இல்லை. மாநிலத் தேர்தலன்று மருமகன், போடாவிட்டால் தண்டம் என்று முணுமுணுத்தபடி போனபோது இவரும் கூடவே போய், வாசலில் விற்ற சொசேச் பாணை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தார். "வாக்குப் போடச் சொல்லித் தண்டம் அடிக்கிற நாட்டிலை, நான் போடுறன் எண்டால் விடுறாங்கள் இல்லை" என்று தவத்திடம் ஒரு கிழமை சொல்லித் திரிந்தார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சிசிலியின் தலைவர் பதவி விலகினார். அங்கே தலைவர் விலகினால் சபையும் கலைந்துவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒக்டோபர் இருபத்தெட்டு புதிய தேர்தல். பலெர்மோ மாநகரசபையில் இருந்து பென்டில் ஹில்லுக்கு ஓர் அட்டை வந்தது: வந்து வாக்களியுங்கள். நாடாளுமன்றத்துக்கென்றால் தபாலில் போடலாம். பிராந்தியத்துக்கு நேரில்தான் போக வேண்டும். கனகேஸ்வரி விமானக் கட்டணத்தை விசாரித்தார். அட்டையை அரிசி மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டினார். இரண்டு நாள் கடையில் யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் தமிழ் மூத்தோர் குழுவின் பொதுக்கூட்டம். ஐம்பத்தைந்து வயது ஆனவர்கள் சேரலாம் என்பதால் கனகேஸ்வரி அந்த வருடம்தான் சேர்ந்திருந்தார். தலைவர் சிவபாலன், இளைப்பாறிய பொறியியலாளர். அந்தக் குழுவில் தேர்தல் நடந்ததே இல்லை. வருடா வருடம் யாராவது குறை சொல்வார்கள், சிவபாலன் விலகுகிறேன் என்பார், எல்லோரும் கெஞ்சுவார்கள், அவர் மனமிரங்குவார், கைதட்டிவிட்டு வடை சாப்பிடுவார்கள். அந்த முறை குறை சொன்னவர் இராஜேஸ்வரி ரீச்சர். மெல்பேர்னில் இருக்கும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு பஸ் ஒழுங்கு செய்திருந்தார் தலைவர். பன்னிரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் மடக்கி வைக்க இங்கே ஆருக்கு முழங்கால் இருக்கிறது என்று கேட்டார் ரீச்சர்.

"அப்ப நான் விலகிறன்" என்றார் சிவபாலன், வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றியபடி.

கெஞ்சுவதற்குச் சபை மூச்சு எடுத்தது. அதற்குள் பின்வரிசையில் கைப்பையுடன் ஓர் உருவம் எழுந்தது.

"அலோரா, அண்ணை விலகிப்போட்டார். சபை கலைஞ்சுது. பொருளாளரும் எழும்புங்கோ."

பொருளாளர் ஏனென்று தெரியாமலே எழுந்தார். செயலாளரும் எழுந்தார். முன்வரிசைக் கதிரைகள் எல்லாம் காலியாகிவிட்டதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு ஒரு குஷி பிடித்துக்கொண்டது. சிவபாலன், தான் சும்மா சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார். ரீச்சர் அதற்குள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

தேர்தல் ஒக்டோபர் இருபத்தெட்டு என்று கனகேஸ்வரி அறிவித்தார். வேறு திகதியைப் பற்றிப் பேச விடவில்லை.

அதற்குப் பிறகு பென்டில் ஹில் அமைதியாக இருக்கவில்லை. சிவபாலனுக்குக் குடைச் சின்னம், ரீச்சருக்கு மூக்குக்கண்ணாடி. சிவபாலன் பஸ்ஸில் கால் நீட்டும் ஆசனம் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். ரீச்சர் கடற்கரைக்கு அரை நாள் பயணம், பக்கத்திலேயே மலசலகூடம் என்றார். முப்பது வருடத் தம்பதிகள் செயற்குழுவுக்கு எதிரெதிர்ப் பட்டியல்களில் நின்றார்கள். சிவபாலனின் மனைவியே ரீச்சரின் பட்டியலுக்கு வாக்குக் கேட்டார், புருசனைத் தலைவராக்கிவிட்டுச் செயற்குழுவை ரீச்சரிடம் கொடுங்கள் என்று. தாளைப் பிரித்துப் போடலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கனகேஸ்வரி சாமான் வாங்க வந்தவர்களுக்குக் கறிவேப்பிலையோடு மாதிரி வாக்குச்சீட்டும் கட்டிக் கொடுத்தார்.

தேர்தலன்று மண்டபத்தில் ஒரு நீலச் சேலையைத் திரையாகக் கட்டினார்கள். தேங்காய் எண்ணெய்ப் பெட்டியை வெட்டி வாக்குப்பெட்டி செய்தார்கள். அழிக்க முடியாத பென்சில் ஒன்றை, பலெர்மோவை விட்டு வரும்போது வக்கீல் வீட்டில் இருந்து கனகேஸ்வரி கொண்டு வந்திருந்தார். கைத்தொலைபேசியோடு திரைக்குள் போனவரை வெளியே இழுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டவரை ஏசினார். பெயர் எழுதக் கை நடுங்கியவருக்கு ஒரு கதிரை கொடுத்தார். கடைசி ஆளும் போட்டு முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்து எண்ணத் தொடங்கினார். கோயிலில் தீபம் காட்டும் ஐயரைப் போல ஒவ்வொரு தாளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

குடைக்குப் பதினெட்டு. கண்ணாடிக்குப் பதினெட்டு.

அப்போதுதான் தவம் கேட்டார், "அக்கா, நீங்கள் போட்டனீங்களோ?"

கனகேஸ்வரி பென்சிலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சிவபாலனும் ரீச்சரும் ஒரே நேரத்தில், இப்போது போடலாம்தானே என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்தார்கள். அவர் இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார்.

"பெட்டி திறந்தாப் பிறகு போட ஏலாது" என்றார். "ஆருக்கும் ஏலாது."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலோரா, என்றார். அங்கே பிராந்தியத் தலைவருக்கு இரண்டாம் சுற்று இல்லை, ஒரு வாக்கு கூடினாலும் வென்றதுதான். ஆனால் நகரபிதாவுக்கு உண்டு, இரண்டு கிழமைக்குப் பிறகு. நாங்கள் நகரபிதாவின் வழியில் போவோம். யாரும் மறுக்கவில்லை. இன்னும் இரண்டு கிழமை பிரசாரம் என்றதும் முழங்கால் வலிக்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

இரண்டாம் சுற்றுக்குத் தவம் பொறுப்பாளராக உட்கார்ந்தார். கனகேஸ்வரி மயில்நிறக் காஞ்சிபுரத்தில், மண்டபக் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். முதல் தாள் அவருக்கு. சேலைத் திரைக்குள் போனார். திரைக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் அசையவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வளர்ந்தது. உள்ளே நித்திரை கொள்கிறாளோ என்று சிவபாலன் கேட்டார். பிறகு ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறிச் சொறிந்துகொண்டது. வரிசை சிரித்தது.

நான்காக மடித்த தாளோடு வெளியே வந்து, பெட்டியின் வாயில் அதை வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"விடுங்கோ அக்கா" என்றார் தவம்.

விட்டார். தாள் அடியில் விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதைச் சாய்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டி, சேலைத் தலைப்பைச் சரி செய்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டியபடி நடந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.